பகலில் மட்டும் வரும் பெயர்

வஹிதா அதிகம் பேசமாட்டாள். பாப்பிரெட்டிப்பட்டியில் மசூதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் எல்லோருக்கும் அது தெரியும். கல்யாண வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்தால் அவள் சுவரோரமாக இடம் பிடித்துக்கொள்வாள். பேசுகிறவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். அவர்கள் முடிப்பதற்குள் வேறொருத்தி ஆரம்பித்துவிடுவாள். அதற்குள் பிரியாணி வந்துவிடும். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலேயே வீடு திரும்பிவிடுவாள்.

ஏழாம் வகுப்போடு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். படிப்புதான் நின்றது, கவனிப்பது நிற்கவில்லை. எதிர்வீட்டு நஞ்சம்மாள் வாசலில் தண்ணீர் தெளிக்கிற வேகத்தைப் பார்த்தே அன்றைக்கு அந்த வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள். யாராவது கேட்டால்தான் சொல்லுவாள். கேட்கிற ஒரே ஆள் அவளுடைய கணவர் ஹபீப்.

ஹபீபுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கிற கடை. அதோடு வீடுகளுக்கு நெட் பெட்டி மாட்டிக் கொடுப்பார். சந்தில் பாதி வீட்டுச் சுவரில் இருந்தது அவர் மாட்டிய பெட்டிதான். எந்த வீட்டுப் பெட்டியானாலும் அதற்குத் தன் பெயரையே வைத்துவிடுவார்.

"ஊரு பூரா உங்க பேருதானா?" என்று ஒருமுறை வஹிதா கேட்டாள்.

"ஒரே பேரா இருந்தா நீ எந்த வூட்டுக்குப் போனாலும் உன் போனு தானாப் பிடிச்சுக்கும் வஹி. பாஸ்வேர்டு கேக்காது. பொறந்த வூட்டுக்குள்ள போற மாதிரி போயிடலாம்."

பெயரை ஒன்றாக வைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பெயரோடு, பெட்டி பேசுகிற வழியான சேனலின் எண்ணையும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாகவே வைத்துவிட்டார். எல்லோரும் ஒரே வழியில் போனால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

போன கோடையில் ஒரு நாள் கடையில், கையில் பிடித்த ஸ்குரூடிரைவரோடு ஹபீப் பக்கவாட்டில் சாய்ந்தார். தர்மபுரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

கணவனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டும். அந்த மாதங்களில் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. கூட்டத்தில் ஒதுங்கியே பழகிய வஹிதாவுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. உள் அறை, சமையலறை, சமையலறையின் ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே மரவள்ளிக் காடு. காட்டைத் தாண்டி வேப்பமரங்கள், மரங்களுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த ஒரு கேட்டுத் தூண், அதற்கும் பின்னால் சித்தேரி மலை. தூண் இருந்த இடம் கபர்ஸ்தான். ஹபீபை அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். அவர்கள் குடும்பத்துப் பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. வஹிதா மலையைப் பார்ப்பாள், தூணைப் பார்க்கமாட்டாள்.

அவர் போன பிறகு கடையை மூடினார்கள். ஹபீபின் தம்பி ஜாவீத் சந்தில் இருந்த பெட்டிகளையெல்லாம் கழற்றி ஒரு சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றினான். அவரவர் புது இணைப்பு வாங்கிக்கொண்டார்கள், புதுப் பெயர்களும் வந்தன. நஞ்சம்மாள் வீட்டில் பேரனின் பெயர். மூலை வீட்டு மணிமேகலை குலசாமி பெயரை வைத்தாள். வஹிதாவின் மகள் ஹீனா புது இணைப்புக்கு ஒரு பூவின் பெயரை வைத்தாள்.

இத்தாவில் ஒரு காலை. போனில் யாசீன் ஓதுவதைக் கேட்டபடி வஹிதா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஓதல் பாதியில் நின்றது. ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். நெட் பட்டியலைத் திறந்தால் பேரன், குலசாமி, பூ. அதற்கெல்லாம் மேலே, முதல் வரியில், ஆங்கில எழுத்தில் கணவரின் பெயர்.

போன் அந்தப் பெயரோடு இணைந்திருந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. அடியில் சின்ன எழுத்தில், இணைந்துள்ளது, இணையம் இல்லை, என்று இருந்தது.

வஹிதா பரணைப் பார்த்தாள். சாக்கு கட்டின கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. முக்காலி போட்டு ஏறிச் சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஓடுகிற பெட்டி சூடாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவள் இப்படி ஒன்றைச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? தாயத்து வரும், ஓதின தண்ணீர் வரும், கூடவே ஆட்களும் வருவார்கள். அவள் கவனிக்க மட்டும் செய்தாள்.

பெயர் விடிந்த பிறகு வந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் போனது. இரவில் அது இருந்ததே இல்லை. வானம் மூடிய நாளில் தாமதமாக வந்து, மங்கி மங்கித் தெரிந்தது. மலைப்பக்கம் மழை இறங்கின நாளில் வரவேயில்லை. அன்று பகல் முழுக்க வஹிதா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் வெயில் ஏறியதும் பெயர் வந்தது. வந்ததும் தனக்கு மூச்சு இலேசானதை அவளே கவனித்தாள். அதை நினைத்து உள்ளுக்குள் பயந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் இன்னொன்று நடந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்னல் கோடுகள் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். யாரோ மூடி மூடித் திறப்பது மாதிரி. பிறகு பழையபடி நிற்கும். மேலத்தெரு நூர் பாஷா மௌத்தான அன்று மதியம் கோடுகள் நெடுநேரம் அடங்கிக் கிடந்தன. அந்த வீட்டு ஒப்பாரி சந்து வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. வஹிதா துஆ ஓதினாள், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள், பின்பு தாங்காமல் எடுத்துப் பார்த்தாள். பெயர் திரும்ப நிமிர்ந்து நின்றது.

இத்தா முடிந்தது. பெயர் மட்டும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

ஹீனாவின் வேலையில் தொந்தரவு அப்போதுதான் முற்றியது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே போன் பேசுகிற வேலை பார்த்துவந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, காதில் மாட்டியதைக் கழற்றாமல், முகம் தெரியாத ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். பேச்சு வெட்டி வெட்டிப் போனது. "ஹலோ, கேக்குதுங்களா? ஹலோ?" என்ற குரல் சுவர் தாண்டிச் சமையலறைக்கு வரும். சாயங்காலம் ஆனால் சரியாகிவிடும், ஆனால் அப்போது வேலை முடிந்திருக்கும்.

"அம்மி, இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா ஆபீசுக்கே வந்துடுன்னு சொல்லிட்டாங்க. பெங்களூர்லயே ஹாஸ்டல் பாத்துத் தர்றாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? இந்த வேலைய விட்டா வேற என்ன இருக்குது நமக்கு? சரின்னுதான் சொல்லணும்." அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். "நீ தனியா இருந்துக்குவியா?"

வஹிதா இருந்துக்குவேன் என்றாள். அவள் மனதில் ஓடியது வேறு. தனியாக இருந்தால் பகல் முழுக்க அந்தப் பெயரும் அவளும்தான் வீட்டில் இருப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் அவளை நடுங்க வைத்தது.

அடுத்த நாள் ஜாவீத், நெட் வேலை பார்க்கும் ரஞ்சித்குமாரை அழைத்து வந்தான். அதியமான்கோட்டைக்காரன். வாய் ஓயாத ஆள். சந்தில் நுழைந்ததுமே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். அவன் போன் திரையில் நிறம் நிறமாகக் குன்றுகள் தெரிந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி.

"இது என்னாப்பா, சித்தேரி மலையா?" என்று நஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"உங்க சந்துதாங்க்கா. ஒவ்வொரு குன்றும் ஒரு வூட்டு வைஃபை. பாருங்க, எல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்குது. சேனலு நெறைய இருக்குது, ஆனா ஒண்ணை ஒண்ணு ஒரசாத சேனலு ஒண்ணு, ஆறு, பதினொண்ணு. மூணே மூணு. நீங்க எல்லாரும் பாய் வெச்ச நம்பரைத்தான் சொல்லி வெச்ச மாதிரி வாங்கியிருக்கீங்க."

"பாய் வெச்சா நல்லதுக்குத்தான் வெச்சிருப்பாருன்னு நெனச்சோம். புதுப் பெட்டிக்காரன்கிட்ட அதே நம்பரு போடுன்னு நாந்தான் சொன்னேன்."

"அதான், நல்லது எல்லாம் ஒரே சேனல்ல மாட்டிக்கிச்சு."

"வந்ததும் நொட்டைப் பேச்சு பேசாத. இப்ப என் பெட்டிய என்ன பண்ணப்போற? சீரியல் நிக்குமா?"

"நிக்காதுங்க்கா. இந்தப் பெட்டிங்க ரொம்ப மரியாதை தெரிஞ்சதுங்க. பக்கத்துல எவனாச்சும் பேசுனா வாய மூடிக்கிட்டுக் காத்திருக்கும். அவன் முடிச்சாத்தான் இது பேசும். இங்க எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, எல்லாரும் சத்தமா வேற. ஆளுக்கொரு சேனல்ல பிரிச்சு விட்டு, சத்தத்தையும் கொறச்சுட்டா, அவங்கவங்க வூட்டுப் பேச்சு அவங்கவங்க வூட்டோட நிக்கும்."

கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த வஹிதா அதைக் கேட்டாள். பேச இடம் கிடைக்காமல் காத்துக்கொண்டே இருக்கிற ஒரு பெட்டி. அவளுக்கு அது புரிந்தது.

வீடு வீடாகப் போய் ரஞ்சித்குமார் எண்களை மாற்றினான், சத்தத்தைக் குறைத்தான். மதியம் ஹீனாவின் பேச்சு முன்னைக்கு இப்போது தேவலை. ஆனாலும் வெட்டியது. ரஞ்சித்குமார் தலையைச் சொறிந்தான்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கத்திக்கிட்டே இருக்குதுங்க. வீட்டுப் பெட்டி மாதிரி இல்ல, பெரிய ஆன்டெனா வெச்சது. பேரு..." அவன் ஜாவீதைப் பார்த்தான். "பாய் பேருங்க."

ஜாவீதின் முகம் மாறியது. "எல்லாத்தையும் நானேதான் கழட்டினேன். மேல சாக்குல கெடக்குது."

"சாக்குல கெடக்கறது கத்தாதுங்களே."

அவன் போனைப் பிடித்துக்கொண்டு தேடினான். வாசலில் குறைந்தது. கூடத்தில் கூடியது. "அக்கா, உள்ள வரலாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் வந்தான். வஹிதா முக்காட்டை இழுத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தாள். ஜன்னலுக்கு நேராக வந்ததும் அவன் போனில் இருந்த குன்று திரையின் உச்சிக்குப் போனது.

"இந்தப் பக்கந்தான். அங்க என்னங்க இருக்குது?"

அடுப்பில் பால் பொங்கியது. வஹிதா அதை இறக்கினாள்.

"எங்க கபர்ஸ்தான்," என்றான் ஜாவீத். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "அங்க மரம் வெட்டிக்கிட்டுப் போறாங்கன்னு ஜமாத்துல கேமரா வெக்கச் சொல்லியிருந்தாங்க. அண்ணன் கேட்டுத் தூணுல பெட்டியும் சோலாரும் மாட்டிட்டாரு. கேமரா வர்றதுக்குள்ள..." அவன் பார்வையைத் தூணிலிருந்து எடுத்தான். "அவரத் தூக்கிக்கிட்டு அந்தக் கேட்டு வழியாத்தான் போனோம். ஒருத்தரும் நிமிந்து பாக்கலை."

வெயில் வந்தால் வரும். வெயில் போனால் போகும். வஹிதா சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை மாதமாக அந்தப் பெயர் எங்கேயிருந்து அவளைத் தேடி வந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததால் பயம் குறையவில்லை.

"ஜாவீத்," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு நீங்க எல்லாரும் அங்க போவீங்களா?"

"போவோம் பாபி. கேட்டுகிட்ட நின்னு துஆ கேட்டுட்டு வருவோம். ஏன்?" என்றான் அண்ணியைப் பார்த்து.

"வெள்ளிக்கிழமை அது கொறஞ்சு கொறஞ்சு வரும். நூர் பாஷா மௌத்தான அன்னிக்கு ரொம்ப நேரம் கொறஞ்சுது."

ரஞ்சித்குமார் அவளை நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை கிண்டல் இல்லை. "ஆளுங்க முன்னாடி நின்னா மறைக்குங்க. மனுசன் ஒடம்பு பூரா தண்ணிதானே. அப்ப நீங்க இங்கயிருந்தே, அங்க யாரு நிக்கிறாங்கன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

டீ போட்டுக் கொடுத்தாள். ஆண்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். ஜமாத் தலைவரிடம் போனில் கேட்டாயிற்று, போய்ச் சரி செய்யச் சொல்லிவிட்டார். சேனலை மாற்றி, சத்தத்தைக் குறைத்து, பெட்டியை உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் போதும், இந்தப் பக்கம் ஒரு சொட்டு வராது என்றான் ரஞ்சித்குமார். இங்கே வராது என்பது வஹிதாவின் காதில் தங்கிவிட்டது.

அவள் சமையலறை ஜன்னலோரம் போனைப் பிடித்தபடி நின்றாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள் என்று சொன்னால் போதும், ஜாவீத் அவள் பேச்சைத் தட்டமாட்டான். ஹீனா பெங்களூருக்குப் போவாள். போகட்டுமே. எத்தனை பெண்கள் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வழக்கம்போல, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அப்போது கையிலிருந்த போனில் கோடுகள் இறங்கின.

ஒவ்வொன்றாக, மெதுவாக. யாரோ நடந்து வந்து தூணுக்கு முன்னால் நின்றது மாதிரி. வெளியே மேகம் இல்லை. மரவள்ளி இலைகளின் மேல் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. இறங்கின கோடுகள் ஏறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹீனாவின் குரல் கேட்டது. "ஆமாங்க, சொல்லுங்க. இல்லீங்க, இப்பக் கிளியராக் கேக்குது." அவள் பேசிக்கொண்டே போனாள். ஒரு வார்த்தைகூட உடையவில்லை. தண்ணீர் ஊற்றுவது போல அது பாட்டுக்கு ஓடியது. ஏதோ கேள்விக்கு அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். பகல் நேரத்தில் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து எவ்வளவு நாளாயிற்று!

வஹிதா கூடத்து வாசலுக்கு வந்தாள். "இப்ப யாராச்சும் அங்க நிக்கிறாங்களா பாருங்க."

அவள் முகத்தைப் பார்த்த ஜாவீத் உடனே போனை எடுத்தான். கபர்ஸ்தானை ஒட்டிய நிலத்தில் காவல் இருக்கும் ஆண்டிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"யாருமில்லீங்களே பாய்," என்றான் ஆண்டி. "நான் கேட்டுக்கு எதுத்தாப்புலதான் குந்திக்கிட்டு இருக்கேன். பூட்டு போட்டபடி இருக்குது."

"ஆடு, மாடு ஏதாச்சும்?"

"தூணு ஆள் ஒசரம் இருக்குதுங்களே. ஆடு எங்க ஏறும்? ஒண்ணுமில்லீங்க, வெயிலுதான் காயுது."

ரஞ்சித்குமார் டீ டம்ளரை வைத்துவிட்டுத் தன் போனைப் பார்த்தான். அதிலும் அந்தக் குன்று தரையோடு தரையாகக் கிடந்தது. "பேட்டரி வீக்கா இருக்கும்," என்றான். பிறகு வெளியே தெரிந்த வெயிலைப் பார்த்தான்.

வஹிதாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதன் முன்னால் நின்றால் மறைக்கும். கடையில் ஹீனா சின்னப் பிள்ளையாகப் படுத்துத் தூங்கினால் அவள் முகத்தில் வெயில் படாமல் ஹபீப் இப்படித்தான் குறுக்கே வந்து நிற்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நிற்பார்.

"போய் மாத்திட்டு வந்துடுங்க," என்றாள் வஹிதா. காத்திருக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "இப்பவே போங்க. ரொம்ப நேரம் நிக்க வெக்காதீங்க."

யாரை என்று ஜாவீத் கேட்கவில்லை. சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் கையில் கோடுகள் மறுபடி ஏறி நிறைந்தன. அடுத்த அறையில் ஹீனா, "ஹலோ, கேக்குதுங்களா?" என்றாள்.

அவர்கள் வண்டியில் போனார்கள். ஏறும்போது ரஞ்சித்குமார், "செருப்பக் கழட்டணுங்களா பாய்?" என்று ஜாவீதிடம் கேட்டது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மரவள்ளிக் காட்டுக்கு அப்பால் தூணருகே இருவரும் நிற்பது தெரிந்தது. வஹிதா இந்த முறை தூணைப் பார்த்தாள். கோடுகள் மங்கின, தெளிந்தன, மங்கின. இந்தத் தடவை யார் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசிக் கோடும் போனது. பட்டியலில் பேரன், குலசாமி, பூ. நல்ல வெயிலில் அந்தப் பெயர் இல்லாமல் போனது அதுவே முதல் தடவை.

ஹீனா பெங்களூருக்குப் போகவில்லை. காலையில் காதில் மாட்டுவதைச் சாயங்காலம்தான் கழற்றுகிறாள். அவள் பேச்சு உடையாமல் சமையலறைக்கு வந்துகொண்டிருக்கிறது. நஞ்சம்மாளின் சீரியலும் நிற்கவில்லை. அவரவர் வீட்டுப் பேச்சு அவரவர் வீட்டோடு நிற்கிறது.

கேமரா வந்துவிட்டது. பெட்டியும் அங்கேயே இருக்கிறது, கல்லறைகளைப் பார்த்துத் திரும்பியபடி, மெல்லிய சத்தத்தில். வெள்ளிக்கிழமை போய்விட்டு வரும் ஜாவீத் வாசலில் நின்று, "கேட்டுக்குள்ள கால் வெச்சதும் என் போனு தானாப் பிடிச்சுக்குது பாபி," என்பான். அவள் தலையை ஆட்டுவாள்.

ஒருநாள் ஹீனா கேட்டாள். "அம்மி, ஏன் எப்பவும் ஓரமா ஒதுங்கி நின்னுக்கிட்டே வேலை செய்யிற? ஜன்னலுக்கு நேரா நின்னா காத்து வரும்ல?"

வஹிதா நறுக்குவதைத் தொடர்ந்தாள். அம்மிக்கல், காய்க்கூடை, எல்லாவற்றையும் அவள் சுவர்ப்பக்கமாக நகர்த்தி வைத்திருந்தாள். பகல் வெளிச்சம் இருக்கும் வரை அந்த ஜன்னலுக்கு நேராக, தூணிலிருந்து வரும் வழியை மறைத்துக்கொண்டு அவள் நிற்பதில்லை. மஃரிப் பாங்கு கேட்ட பிறகுதான் குறுக்கே வந்து ஜன்னல் கதவைச் சாத்துவாள்.